ஆத்தாவின் ரத்தம் தண்ணியாகவில்லை

பங்குனி மாதத்து மத்தியானம். ஆத்தா இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்தில் அரிவாள்மனையைப் போட்டுக்கொண்டு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். 68 வயது, கல்யாணச் சீரில் வந்த அதே அரிவாள்மனை, பேசிக்கொண்டே பார்க்காமல் நறுக்குகிற கை. அன்றைக்கு இடதுகைக் கட்டைவிரலில் பட்டுவிட்டது. பெரிய வெட்டு ஒன்றுமில்லை, ஒரு நெல்லு நீளம் இருக்கும். பக்கத்து வீட்டு ஆச்சி ஓடிவந்து காப்பித்தூளை அள்ளி வைத்து அமுக்கினார். எங்கள் அப்பத்தா காலத்திலிருந்து இந்த வீட்டில் வெட்டுக்காயத்துக்கு முதல் மருந்து அதுதான். கொல்லையில் நிற்கும்போது பட்டால் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிவார்கள், சவரம் பண்ணும்போது பட்டால் படிகாரம். காப்பித்தூளையும் நனைத்துக்கொண்டு ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. துணி மாற்றினோம், மறுபடி மாற்றினோம், முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

"ரத்தம் தண்ணியாப் போச்சுல்லய்யா, அதான் நிக்க மாட்டேங்குது" என்றார் ஆத்தா, ரொம்ப நிதானமாக, யாருக்கோ வந்த காயத்தைப் பற்றிச் சொல்வதுபோல.

அந்த வாக்கியத்தோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆத்தாவுக்கு 2011-இல் மதுரையில் இருதய அறுவைச் சிகிச்சை நடந்தது. சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்திருக்கிறது, தொண்டை வலி, மூட்டு வீக்கம் என்று சில நாள் படுத்து எழுந்து பள்ளிக்கூடம் போய்விட்டாராம், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்து, நாற்பது வருஷம் கழித்து ஈரிதழ் வால்வைக் கெட்டிப்படுத்திச் சுருக்கிவிட்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, இரண்டு அரைவட்டக் கரிம இதழ்கள் உள்ள இயந்திர வால்வைப் பொருத்தினார்கள். எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முகப்பில் நின்றால் வளவு தாண்டிப் பின்கட்டு வாசல் வரைக்கும் ஒரே நேராகத் தெரியும், நாற்பது பேர் புழங்கிய இடத்தில் இப்போது இரண்டு பேர். ராத்திரி அடங்கினபிறகு ஆத்தா பக்கத்தில் படுத்தால் அந்த வால்வு மூடுகிற சத்தம் டிக், டிக் என்று கேட்கும். முதல் வாரம் எனக்குத் தூக்கமே வரவில்லை. இப்போது அது கேட்காவிட்டால்தான் தூக்கம் வராது.

வால்வு வந்த நாளிலிருந்து அசிட்ரோம் மாத்திரையும் வந்தது. அசெனோகுமரால் என்பது மருந்தின் பெயர், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் என்கிற மருந்துக்குத் தங்கச்சி. வெளியிலிருந்து வந்த பொருள் எதைக் கண்டாலும் ரத்தம் அதன்மேல் உறையப் பார்க்கும், அந்த உறைகட்டி வால்வை இறுக்கிவிடலாம், இல்லையென்றால் பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போய்விடலாம். அதைத் தடுக்கத்தான் மாத்திரை, ஆயுசுக்கும். டிஸ்சார்ஜ் ஆன அன்று எங்களுக்குச் சொல்லப்பட்டது ஒரே வரி: "இது ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரை, விடாமப் போடுங்க."

சொன்னவர் எளிமையாகச் சொல்ல நினைத்துச் சொன்னதுதான். ஆனால் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் பதினான்கு வருஷமாக ஒரு மருத்துவ சாஸ்திரமே ஓடிக்கொண்டிருந்தது. கோடையில் தண்ணீர் நிறையக் குடித்தால் மாத்திரையும் தண்ணீருமாகச் சேர்ந்து ரத்தம் ரொம்ப நீர்த்துப்போகும் என்று ஆத்தா தண்ணீரைக் குறைப்பார். களைப்பாக இருந்தால் "தண்ணியாப் போனது பத்தலையா, ரத்தம் ஊறட்டும்" என்று பீட்ரூட், பேரீச்சம்பழம். இதில்தான் முருங்கைக்கீரை வந்து சேர்ந்தது.

போன ஐப்பசியில் நல்ல மழை. கொல்லை முருங்கை அப்படித் தழைத்து நின்றது. ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு என்று ஒரு பரிசோதனையில் வந்திருந்தது, அவ்வளவுதான், தினமும் கீரை. ஒருநாள் துவட்டல், ஒருநாள் கீரை மண்டி, ஒருநாள் அடை மாவில். மார்கழியில் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண், எண் கூடினால் உறைவது தாமதம்) பார்த்தபோது 1.4. ஆத்தாவுக்கு இருக்கவேண்டியது 2.5-க்கும் 3.5-க்கும் இடையில். டாக்டர் மாத்திரையை 2 மில்லிகிராமிலிருந்து 3-க்கு ஏற்றினார், கிளம்பும்போது "கீரையக் கொஞ்சம் பார்த்துச் சாப்பிடுங்க" என்றும் சொல்லி அனுப்பினார். அது காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் ஊருக்கு வந்து சேர்வதற்குள் "கீரையே ஆகாதுன்னுட்டாக" என்று ஆகிவிட்டது. மறுநாளிலிருந்து ஒரு இலை கிடையாது. தை முழுக்கக் கல்யாணங்கள், மாசியிலும் அப்படியே, ரத்தப் பரிசோதனைக்குப் போகவில்லை. ஏறின மாத்திரை, நின்ற கீரை, பார்க்காத பரிசோதனை. பங்குனியில் அரிவாள்மனை. அன்று சாயங்காலம் எடுத்த ஐஎன்ஆர் 5.8.

சரி, இதில் எங்கே தண்ணி வந்தது? எங்கேயும் வரவில்லை. அந்த மாத்திரை ரத்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரைக் கூட்டுவதில்லை, ரத்தத்தின் அடர்த்தியும் மாறுவதில்லை. அது கைவைக்கிற இடம் கல்லீரல்.

வெட்டுப் பட்டால் முதலில் ஓடிவருவது தட்டணுக்கள், ஒன்றோடொன்று ஒட்டி ஓட்டையை அவசரத்துக்கு அடைக்கும். சின்னக் கீறலுக்கு அதுவே போதும். கொஞ்சம் ஆழமான வெட்டென்றால் அந்த அடைப்பு நிற்காது, மேலே ஒரு வலை வேண்டும். வலையின் நூல் ரத்தத்திலேயே கரைந்து ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் பெயர் ஃபைப்ரினோஜன், ஒரு லிட்டர் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் அணுக்கள் நீங்கிய திரவத்தில், 2 முதல் 4 கிராம் வரை. திராம்பின் என்கிற நொதி அதன் நுனிகளைக் கத்தரித்துவிட்டால், கரைந்து கிடந்தது ஃபைப்ரின் இழையாகிப் பின்னிக்கொள்ளும். அப்புறம் 13-ஆம் காரணி (உறையவைக்கும் பொருள்களைக் காரணி என்பார்கள்) வந்து இழைக்கு இழை முடிச்சுப் போடும். எங்கள் ஊர் ஆச்சிமார் கொட்டான் முடைகிறதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் இது உடனே பிடிபடும். ஓலையைக் குறுக்கும் நெடுக்கும் விட்டுவிட்டால் மட்டும் கொட்டான் ஆகிவிடாது, வாயை மடித்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கின உடனே பிரிந்துவிடும். 13-ஆம் காரணி பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு அப்படித்தான், ரத்தம் முதலில் நின்றுவிடும், பல மணி நேரம் கழித்து மறுபடி கசியும்.

திராம்பின் சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் ஊர் முழுக்க உறைந்துவிடும் இல்லையா, அதனால் அது தூங்கும் நிலையில் புரோதிராம்பினாக இருக்கிறது. அதை எழுப்ப ஒன்று, அந்த ஒன்றை எழுப்ப இன்னொன்று. இவைகளுக்கு ரோமன் எண்களில் 1 முதல் 13 வரை பெயர். வேலைசெய்கிற வரிசைக்கும் எண்ணுக்கும் சம்பந்தமில்லை, 6 என்று ஒன்று கிடையவே கிடையாது. 6 என்று நினைத்தது 5-ஆம் காரணியே விழித்தெழுந்த நிலையில் இருப்பது என்று பிறகு தெரிந்து எடுத்துவிட்டார்கள், மற்ற எண்களை மாற்றவில்லை. பாகம் பிரித்த வீட்டில் கதவு எண் விட்டுப்போன மாதிரி.

இந்த ஒன்றையொன்று எழுப்பும் கதையை 1964-இல் இரண்டு தரப்பார் தனித்தனியாக எழுதினார்கள். இங்கிலாந்தில் மக்ஃபார்லேன், அமெரிக்காவில் டேவியும் ரட்னாஃபும். ஒருவர் அடுக்கருவி என்றார், மற்றவர்கள் நீர்வீழ்ச்சி என்றார்கள். சிவகங்கைச் சீமையில் பிறந்த எனக்கு அருவியைவிடக் கண்மாய்தான் நினைவுக்கு வருகிறது. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால் அடுத்த கண்மாய், அது நிறைந்தால் அதற்கடுத்தது. ஆனால் உவமை ஓர் இடத்தில் சறுக்கும். கண்மாயில் கீழே போகப் போகத் தண்ணீர் குறையும். ரத்தத்தில் கீழே வர வர பெருகும், மேலே ஒரு மூலக்கூறு விழித்தால் அது கீழே பலவற்றை எழுப்பும், அவை ஒவ்வொன்றும் இன்னும் பலவற்றை. எங்கள் பக்கத்துக் கல்யாணச் செய்தி பரவுகிற கணக்கு. மக்ஃபார்லேன் இதைப் பெருக்கி என்றே தலைப்பில் சொன்னார். முதல் மடையைத் திறப்பது யார் என்பது இன்னும் அழகு: திசுக் காரணி என்று ஒரு புரதம், ரத்தத்துக்குள் கிடையாது, ரத்தக்குழாயின் வெளிச்சுற்றில் காத்திருக்கிறது. சுவர் உடைந்து ரத்தம் வெளியே எட்டிப்பார்த்தால்தான் இரண்டும் சந்திக்கும்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். 2, 7, 9, 10 ஆகிய நான்கு காரணிகளும் கல்லீரலில் உருவாகின்றன. உருவானால் மட்டும் போதாது, ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் கொக்கிகள் பொருத்தப்பட வேண்டும். அந்தக் கொக்கிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டால்தான் காரணி காயம்பட்ட இடத்தில் போய் ஒட்டும், ஒட்டினால்தான் வேலை நடக்கும். கிணற்றில் வாளி விழுந்தால் எடுக்கப் பாதாளக் கரண்டி போடுவோமே, நாலாபக்கமும் வளைந்த கொக்கிகளோடு, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கொக்கிகளைப் பொருத்தும் கொல்லர் வைட்டமின் கே. ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்ததும் வைட்டமின் கே தீர்ந்துபோன நிலைக்குப் போகும், ஒரு நொதி அதைப் புதுப்பித்துத் திரும்ப வேலைக்கு அனுப்பும். அசிட்ரோம் தடுப்பது அந்தப் புதுப்பிக்கும் நொதியை. அதன்பிறகு கல்லீரல் கரண்டிகளை வழக்கம்போலத் தயாரித்து அனுப்பிக்கொண்டே இருக்கும், பாதிக்குக் கொக்கி இருக்காது. ரத்தம் அதே ரத்தம்தான், கெட்டியும் இல்லை தண்ணியும் இல்லை, உள்ளே மொட்டைக் கரண்டிகள் மிதக்கின்றன.

கீரை என்ன செய்தது என்பது இப்போது சொல்லாமலே தெரியும். பச்சை இலைகளில்தான் வைட்டமின் கே நிறைய, முருங்கை, அகத்தி எல்லாம் அதில் அடக்கம். தினமும் புதுக் கொல்லர்கள் வந்து இறங்கினால் பழையவரைப் புதுப்பிக்காவிட்டால் என்ன, வேலை நடந்துவிடும், ஐஎன்ஆர் இறங்கும். திடீரென்று நிறுத்தினால் நேர் எதிர். அப்படியானால் இந்த மாத்திரை போடுகிறவர்கள் கீரையே தொடக்கூடாதா? அப்படி இல்லை, வாரத்துக்கு வாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் மாத்திரையை அதற்கேற்ப டாக்டர் வைத்துக்கொள்வார். எங்கள் வீட்டில் நடந்த தப்பு கீரை சாப்பிட்டது கிடையாது, முதலில் மலைபோல் சாப்பிட்டதும் பிறகு மொத்தமாக விட்டதும்.

அந்த 'கே' எங்கிருந்து வந்தது என்று தேடினால் கோழிக்குஞ்சில் போய் நிற்கிறது. கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் என்பவர் கொழுப்பு நீக்கிய தீனி போட்டுக் கோழிக்குஞ்சுகளை வளர்த்தார், கொலஸ்ட்ரால் ஆராய்ச்சிக்காக. குஞ்சுகள் தோலுக்கடியில் ரத்தம் கசிந்து செத்தன. தீனியில் ஏதோ ஒன்று இல்லை என்று கண்டு 1935-இல் அதற்குப் பெயர் வைத்தார், உறைதலுக்கு டேனிஷ், ஜெர்மன் மொழிகளில் உள்ள சொல்லின் முதல் எழுத்து கே. 1943-க்கான நோபல் பரிசு அவருக்கும், அதைப் பிரித்தெடுத்த டாய்சிக்கும். கோழியைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு விதமான புகழ் உண்டு, அது இங்கே வேண்டாம்.

மாத்திரையின் கதை மாட்டில் தொடங்குகிறது. 1933 பிப்ரவரியில், பனிப்புயலுக்கு நடுவே, விஸ்கான்சினில் ஒரு பண்ணைக்காரர் செத்த கிடாரியையும், உறையாத ரத்தம் நிறைந்த ஒரு பால்கேனையும், கெட்டுப்போன ஸ்வீட் குளோவர் என்கிற தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பல மணி நேரம் ஓட்டி, கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். பூஞ்சை பிடித்த தீவனத்தில் டைகூமரால் உண்டாகி மாடுகளின் ரத்தம் உறையாமல் போயிருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஆறேழு வருஷம் ஆனது. அதே குடும்பத்தில் இன்னும் வீரியமான ஒன்றைச் செய்து 1948-இல் எலி மருந்தாக விற்றார்கள், பெயர் வார்ஃபரின். 1950-களின் நடுவில் மனிதர்களுக்கு வந்து, 1955-இல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் கொடுக்கப்பட்டது. ஆத்தாவிடம் எலி மருந்து விஷயத்தைச் சொல்லலாமா என்று ரொம்ப யோசித்துவிட்டுச் சொன்னேன். "அளவாப் போட்டா மருந்து, அள்ளிப் போட்டா விசம், இதுக்கு அமெரிக்கா போகணுமாக்கும்" என்றார். அமெரிக்க ஜனாதிபதி போட்டது என்பதில் மட்டும் கொஞ்சம் பெருமை.

சிங்கப்பூரில் இருக்கும் அம்மான் மகன் போனில், கீரைத் தொந்தரவும் ஐஎன்ஆர் தொந்தரவும் இல்லாத புது மாத்திரைகள் வந்துவிட்டனவே, ஏன் மாற்றவில்லை என்று கேட்டான். நியாயமான கேள்விதான். வேறு பல நோயாளிகளுக்கு அவை வந்துவிட்டன. அந்தப் புது மாத்திரைகளில் ஒன்றான டாபிகாட்ரானை இயந்திர வால்வுக்குச் சோதித்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது, உறைகட்டியும் ரத்தக்கசிவும் இரண்டுமே கூடுதலாக இருந்ததால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இயந்திர வால்வு உள்ளவர்களுக்கு இன்னும் பழைய மாட்டுத் தீவனத்துக் குடும்பம்தான்.

பரிசோதனைக்கூடத்தில் வெளிர் நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? அதில் சிட்ரேட் இருக்கிறது, அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது (4-ஆம் காரணியே கால்சியம்தான்). பிறகு பிளாஸ்மாவைப் பிரித்து, திசுக் காரணியும் கால்சியமும் சேர்த்து எத்தனை விநாடியில் உறைகிறது என்று எண்ணுவார்கள். சாதாரணமாக 11 முதல் 13 விநாடி சுமார். திசுக் காரணி எந்தச் சரக்கு என்பதைப் பொறுத்து ஒரே ரத்தம் ஊருக்கு ஊர் வேறு விநாடி காட்டியதால் 1983-இல் உலக சுகாதார நிறுவனம் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தது, அதுதான் ஐஎன்ஆர். கால்சியம் என்றதும் எங்கள் வளவுச் சுவரைத்தான் பார்த்தேன். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்து நூறு வருஷமாகப் பளபளக்கிற சுவர். உறையவைப்பதில் சுண்ணாம்புச் சத்துக்கு எங்கேயும் ஒரு பங்கு இருக்கும் போலிருக்கிறது.

நிஜமாகவே தண்ணியாக ஓடிய ரத்தத்தை ஒருமுறை பார்த்திருக்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயது, தை அறுப்பு. எங்கள் வயலைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து ஜன்னல் ஓரம் வைத்தார்கள், யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு. 20 நிமிஷம் கழித்து நர்ஸ் அக்கா அதைச் சாய்த்தார். மிளகு ரசம் போலச் சரிந்து ஓடியது. உடனே விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டார். அந்த விஷம் ரத்தத்தை உறையவிடாமல் தடுக்கிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உள்ளே நடப்பது தலைகீழ். அது 10-ஆம் காரணியையும் 5-ஆம் காரணியையும் நேரடியாக எழுப்பிவிடுகிறது. எல்லாக் கண்மாய் மடைகளையும் ஒரே ராத்திரியில் திறந்துவிட்டதுபோல உடம்பு முழுக்க இருக்கிற சரக்கெல்லாம் செலவாகி, ஃபைப்ரினோஜன் வற்றி, கடைசியில் உறைவதற்கு எதுவுமே மிச்சமில்லாமல் போகிறது. மேலே சொன்ன அதே மக்ஃபார்லேன் 1934-இல் இந்த விரியன் விஷத்தை மிகமிக நீர்க்கவைத்து ஹீமோஃபிலியா என்கிற, ரத்தம் சரியாக உறையாத பிறவி நோய் உள்ளவர்களின் காயத்தில் தொட்டு வைத்து ரத்தத்தை நிறுத்தியிருக்கிறார். ஆத்தா சொன்ன அளவுக் கணக்கு இங்கேயும்.

அந்தக் குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உதவாது. கண்ணாடியைத் தொட்டதும் விழிப்பது 12-ஆம் காரணி. அதற்கு ஹேக்மன் காரணி என்றும் பெயர். ஜான் ஹேக்மன் ரயில்வேயில் பிரேக்மேன் வேலை பார்த்தவர், அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய சோதனையில் அவர் ரத்தம் கண்ணாடிக் குழாயில் உறையவே இல்லை. ஆனால் ஆயுளில் அவருக்கு ரத்தக்கசிவு என்று ஒரு தொந்தரவும் வந்ததில்லை. அவரைப் பற்றி 1955-இல் எழுதினவர் ரட்னாஃப். 1968-இல் ஹேக்மன் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தபோது இறந்தார், நுரையீரலில் போய் அடைத்த உறைகட்டியால். உறையவைக்கும் சத்து ஒன்று பிறவியிலேயே இல்லாத மனிதர். இதைப் படித்த அன்று லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுக் கொஞ்சம் வெளியே நடந்துவிட்டு வந்தேன்.

9-ஆம் காரணிக்கும் ஒரு நோயாளியின் பெயர், ஸ்டீஃபன் கிறிஸ்துமஸ். ஐந்து வயதுப் பையன். அந்தக் காரணி குறைவதால் வரும் ரத்தக்கசிவு நோயை அவன் பெயரிலேயே விவரித்த கட்டுரை 1952 டிசம்பர் கடைசியில், பண்டிகை வாரத்து இதழில் வந்தது, வேண்டுமென்றே செய்த குறும்பு. அவனுக்கு ஏற்றிய ரத்தத்தின் வழியாகவே எச்ஐவி தொற்றி, 1993-இல் இறந்தான். அதில் குறும்பு ஒன்றும் இல்லை.

கட்டைவிரலுக்கு வருகிறேன். டாக்டர் இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தச் சொன்னார், மூன்றாம் நாள் மறுபடி ரத்தம் பார்த்தோம், 3.1. நாமாக நிறுத்துவதோ கூட்டுவதோ கூடவே கூடாது, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாற்றியது அன்றைக்கே தெரியாததற்கும் காரணம் உண்டு, 7-ஆம் காரணி சில மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும், புரோதிராம்பின் இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடிக்கும், ஏற்கெனவே செய்து அனுப்பிய கரண்டிகள் தீர வேண்டுமல்லவா.

வளவுத் தூணில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் இப்போது இரண்டு விதமான குறி இருக்கிறது. பேனாவால் போட்டது மாத்திரை, எந்த நாள் 2, எந்த நாள் 3 என்று. பென்சிலால் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நேராக 'மு' என்று போட்டது முருங்கைக்கீரை, ஒரு கிண்ணம். போன வாரம் போயிருந்தபோது ஞாயிற்றுக்கிழமைக்கு நேராகவும் ஒரு 'மு' இருந்தது. கேட்டதற்கு, அது முறுக்கு என்றார் ஆத்தா.